பேரிடரில் ஆடு மாடு செத்தால் அரசு நிவாரணம் வாங்குவது எப்படி: மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

சித்திரை, வைகாசிக் கோடை மழையில் மரத்தடியில் ஒதுங்கிய ஆடுகள்மேல் இடி விழும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரை உடைந்து தொழுவத்துக்குள் தண்ணீர் புகும். மதுரை மாவட்டத்தில் ஆடு மாடு வளர்க்கும் யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. இப்படிச் செத்ததற்கு அரசு பணம் தருகிறது என்பதும் ஓரளவு எல்லாருக்கும் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் பலருக்கு அந்தப் பணம் கிடைப்பதில்லை. விசாரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரும் வந்து பார்ப்பதற்குள் புதைத்துவிட்டார்கள், இல்லையென்றால் அறுத்துக் கூறு போட்டுவிட்டார்கள்.

அதனால் இந்தக் கட்டுரையில் மனு எழுதுவதைவிட, ஆடு விழுந்த நேரத்திலிருந்து குழி தோண்டும் வரை உள்ள சில மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அது சரியாக நடந்துவிட்டால் மீதியெல்லாம் அலைச்சல்தானே தவிர, சிக்கல் இல்லை.

எவ்வளவு கிடைக்கும்?

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. யாருக்கு எவ்வளவு என்ற விகிதத்தை ஒன்றிய உள்துறை வகுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான விகிதப்படி கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய். வெள்ளாடு, செம்மறி, பன்றிக்கு 4,000. உழவு மாடு, வண்டி மாட்டுக்கு 32,000. கன்று, கழுதைக்கு 20,000. கோழிக்கு 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 10,000 வரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது தமிழக அரசு மாட்டுக்கு 30,000 என்று இருந்ததை 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 என்று இருந்ததை 4,000 ஆகவும் உயர்த்தி அறிவித்தது. இன்னும் பழைய தொகையைச் சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். 2026 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த இழப்பு என்றால், நடப்பில் உள்ள விகிதத்தைத் தாலுகா ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு உச்சவரம்பு உண்டு. ஒரு குடும்பத்தில் எத்தனை செத்தாலும் கறவையில் பெரிய மாடு 3 வரை, அல்லது ஆடு 30 வரை. உழவு இனத்தில் காளை 3 வரை, அல்லது கன்று போன்றவை 6 வரை. குடும்பம் என்றால் ரேஷன் கார்டுதான் கணக்கு. அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே பட்டியில் அடைத்தாலும் கார்டு தனித்தனியாக இருந்தால், எந்த ஆடு யாருடையது என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் பேரில் மொத்தத்தையும் எழுதிவிட்டுப் பிறகு பிரிக்கப் போனால் சந்தேகம்தான் வரும்.

இது சந்தை விலைக்கு ஈடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடிவாசலில் பேர் வாங்கிய புலிக்குளம் காளை லட்சக்கணக்கில் விலை போகும். நிவாரணப் பட்டியலில் ஜல்லிக்கட்டுக் காளை என்று தனி வரிசையே கிடையாது. கச்சைகட்டிக் கருப்பு இன ஆடும் அப்படித்தான், மேலே சொன்ன விகிதத்தில் 4,000-க்கு மேல் நகராது. விலைக்கு ஈடு வேண்டும் என்றால் அது காப்பீட்டு வேலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. நிவாரண விதியில் கால்நடைக்கான தலைப்பே சிறு, குறு விவசாயிகளுக்கான உதவி என்றுதான் இருக்கிறது. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று கையில் இருந்தால், கேட்கும்போது எடுத்து நீட்டலாம்.

எந்தச் சாவுக்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

வெள்ளம், புயல், தீ, நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை, வறட்சி இவையெல்லாம் ஒன்றிய அரசின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கின்றன. 2025-26 வரைக்கான அந்தப் பட்டியலில் மின்னல் இல்லை. ஆனால் தமிழ்நாடு அதை மாநில அளவில் பேரிடராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேலூர், பேரையூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களுக்கு இதுதான் அதிகம் தேவைப்படும்.

நோயில் செத்தால் இந்த நிதியில் இடமில்லை. நம் ஊரில் அதிகம் சண்டை வருவது இந்த இடத்தில்தான். மழைக் காலத்தில்தான் துள்ளுமாரியும் நீலநாக்கும் செம்மறி மந்தையில் புகுந்து வரிசையாகச் சாய்க்கும். மூன்று நாள் அடைமழை, நான்காம் நாள் பட்டியில் பத்து ஆடு செத்துக் கிடக்கிறது. வளர்த்தவர் ‘மழையில்தானே செத்தது’ என்பார். டாக்டர் குடலைப் பார்த்துவிட்டுத் துள்ளுமாரி என்று எழுதுவார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் பணம் டாக்டர் எழுதியதற்குத்தான். தடுப்பூசி போட்ட பதிவு கையில் இருந்தால், நோய் இல்லை, குளிரிலும் நனைந்ததிலும்தான் செத்தது என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். பதிவு இல்லாவிட்டால் வெறும் வாய்ப்பேச்சுதான்.

தெருநாய் கடித்துச் செத்தால் அதற்கு 2025-ல் தமிழக அரசு தனியாக இழப்பீடு அறிவித்தது. அதைப் பேரிடர் மனுவோடு கலக்காதீர்கள். காட்டு விலங்கு அடித்தால் வனத்துறை. காற்றில் அறுந்து விழுந்த மின்கம்பியில் மாடு மாட்டிக்கொண்டால் மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லி, காவல் நிலையத்தில் மனு ரசீதாவது வாங்கி வைக்க வேண்டும். அப்படிச் செத்த மாட்டை மின்சாரத்தை நிறுத்தும் வரை தொடவே கூடாது. மாட்டைக் காப்பாற்றப் போய் ஆள் போன கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

செத்த அன்று செய்ய வேண்டியது

முதலில் எதையும் நகர்த்தாமல் கைபேசியில் படம் எடுங்கள். ஆட்டை மட்டும் நெருக்கமாக எடுத்தால் போதாது. தள்ளி நின்று, பிளந்த மரமோ, இடிந்த தொழுவமோ, தேங்கிய தண்ணீரோ பின்னால் தெரிகிற மாதிரி ஒன்று எடுக்க வேண்டும். அப்புறம் மொத்தமும் ஒரே படத்தில் எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒன்று. அப்புறம் ஒவ்வொன்றாக, காதில் அடையாள வில்லை இருந்தால் அதன் எண் படிக்கிற அளவுக்கு. தேதி, நேரம், இடம் படத்திலேயே பதிகிற மாதிரியான செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வி.ஏ.ஓ.வுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) போன். எடுக்கவில்லை என்றால் தலையாரிக்கு. ராத்திரி நேரம் என்றாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தையும் அனுப்பிவிடுங்கள். அவர் காலையில்தான் வருவார் என்றாலும், நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி. யாருமே எடுக்கவில்லை என்றால் 1077-க்கு அடியுங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. அங்கே யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மாட்டாஸ்பத்திரி. உங்கள் ஊருக்கு எந்தக் கால்நடை மருந்தகம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேருந்து வசதிக்காகப் பக்கத்து ஊர் மருந்தகத்துக்குப் போய்ப் பழகியவர்கள்கூட, சான்று என்று வரும்போது தங்கள் ஊரைப் பார்க்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். அடிபட்டு உயிரோடு கிடக்கிற மாடு என்றால் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

டாக்டர் வரும் வரை உடலைக் கெடாமல் பார்ப்பது உங்கள் வேலை. நம்மூர் வெயிலில் சில மணி நேரத்திலேயே வயிறு உப்பிவிடும். அதன்பிறகு எதில் செத்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். நிழலில் போட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி, நாயும் காக்கையும் அண்டாமல் ஒரு ஆளை உட்கார வையுங்கள். வயிறு உப்பிவிட்டதே என்று நீங்களே கத்தி வைக்காதீர்கள். இடி விழுந்து செத்த ஆட்டை உடனே அறுத்துக் கறியாக்கினால் கொஞ்சமாவது தேறும் என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். நஷ்டத்தில் இருப்பவருக்கு அந்தப் பேச்சு நியாயமாகத்தான் படும். ஆனால் அந்தக் கறி விற்ற காசோடு கணக்கு முடிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இடியும் இல்லை, வெள்ளமும் இல்லை, நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் உறையாமல் வடிகிறதா? அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அந்த உடலைத் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். டாக்டரே அதைப் போஸ்ட்மார்ட்டம் செய்ய மாட்டார், இரத்தத் துளி மட்டும் எடுத்துப் பார்ப்பார். மனுசருக்கும் தொற்றும் நோய் அது.

வி.ஏ.ஓ. வரும்போது என்ன கேட்பார்? யாருடைய ஆடு, எந்த சர்வே எண்ணில் செத்தது, எத்தனை, எப்போது, யார் பார்த்தார்கள். உங்களிடம் வாக்குமூலம் வாங்குவார், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. செத்த இடம் உங்கள் நிலம் இல்லையென்றால் அந்த நிலத்துக்காரரையே ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் வந்து பார்த்து, டாக்டர் போஸ்ட்மார்ட்டம் முடித்த பிறகுதான் குழி. ஆறடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு மூடுங்கள். கிணறு, கண்மாய் வரத்துக்கால் பக்கம் வேண்டாம்.

உடலே கிடைக்கவில்லை என்றால்? வைகையில் தண்ணீர் திடீரென்று ஏறி, ஆற்றுக்குள் கட்டிப் போட்ட மாட்டை அடித்துப் போனால் போஸ்ட்மார்ட்டத்துக்கு வழியில்லை. அப்போது கனம் முழுவதும் வி.ஏ.ஓ. விசாரணையிலும் சாட்சிகளிலும் விழும். அந்த மாடு உங்களிடம் இருந்தது என்பதற்குப் பால் சங்கத்துப் பாஸ்புத்தகம், தடுப்பூசிப் பதிவு, வில்லை எண் எதுவாவது இருந்தே ஆக வேண்டும். இந்த வகை மனுக்கள்தான் அதிகம் தள்ளுபடியாகின்றன என்பதால், அப்படி நேராமல் பார்ப்பதே மேல். வைகை அணை 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. செய்தியில் 66 என்று சொன்னதுமே கரையோரத்துக் கொட்டிலைக் காலி செய்யுங்கள், மூன்றாவது எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மனுவும் காகிதமும்

மனு தாசில்தாருக்கு. மாவட்டத்தில் 11 தாலுகா இருக்கின்றன. எல்லையோர ஊர்க்காரர்கள், உதாரணமாக உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் இருப்பவர்கள், தங்கள் கிராமம் எந்தத் தாலுகாவில் வருகிறது என்று உறுதி செய்துவிட்டுப் போங்கள். மனுவை வெளியே காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

அனுப்புநர்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், ஊர், கைபேசி எண்.
பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், ... வட்டம்.
பொருள்: இடி தாக்கி ஆடுகள் இறந்தது, பேரிடர் நிவாரணம் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து ஆடு வளர்த்துப் பிழைத்து வருகிறேன். ... தேதி மாலை ... மணியளவில் ... கிராமம் சர்வே எண் ...-ல் மேய்ந்துகொண்டிருந்த எனது ... வெள்ளாடுகள் இடி தாக்கி இறந்துவிட்டன. அன்றே கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் தெரிவித்தேன். அவர் நேரில் பார்வையிட்டார். கால்நடை உதவி மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று வழங்கியுள்ளார். எனக்குரிய நிவாரணத் தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு போஸ்ட்மார்ட்டம் சான்று, படங்கள், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புத்தக முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள். அசலைக் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

எண்ணிக்கை மூன்று இடத்தில் வரும்: வி.ஏ.ஓ. அறிக்கை, டாக்டர் சான்று, உங்கள் மனு. மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. எட்டு என்று எழுதி, டாக்டர் ஏழு என்று எழுதியிருந்தால், அந்த ஒரு ஆட்டுக்காக மொத்தக் கோப்பும் நிற்கும். சினை ஆட்டை ஒன்று என்றுதான் எழுதுவார்கள். வயிற்றில் இருந்த குட்டியையும் சேர்த்து எண்ணிவிட்டு, டாக்டர் குறைத்து எழுதிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பெயர் விஷயமும் இப்படித்தான். ஆட்டைப் பார்ப்பது வீட்டுக்கார அம்மா, மனு கணவர் பேரில், வங்கிக் கணக்கு மகன் பேரில் என்று மூன்று பக்கம் இழுத்தால் பணம் வராது. யார் பேரில் மனுவோ அவர் பேரிலேயே கணக்கு. ஆதாரில் இனிஷியல் முன்னாலும் பாஸ்புத்தகத்தில் பின்னாலும் இருந்தால் மழைக் காலத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். ரொம்ப நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்குக்கும் பணம் ஏறாது. நூறு ரூபாய் போட்டு எடுத்துக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மனு தாசில்தாரிடமிருந்து ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் போகும், திரும்ப வரும், ஆணை ஆகும், பணம் நேராகக் கணக்கில் விழும். இதில் எந்த இடத்திலும் கட்டணம் கிடையாது. ‘ஆயிரம் கொடு, சீக்கிரம் முடிக்கிறேன்’ என்று வாசலில் நிற்பவரிடம் பாஸ்புத்தக நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

வெளியூரில் கிடை போட்டவர்களுக்கு

மந்தையை ஓட்டிக்கொண்டு தாலுகா தாண்டி, மாவட்டம் தாண்டி, அடுத்தவர் வயலில் அடைத்துக் கிடை போடுபவர்களுக்கு இது இன்னும் சிரமம். ஆடு எங்கே செத்ததோ அந்த ஊர் வி.ஏ.ஓ.வும் அந்த ஊர் டாக்டரும்தான் வந்து பார்க்க வேண்டும். உங்கள் சொந்த ஊர் வி.ஏ.ஓ. பார்க்காத சாவுக்குக் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. கிடை போட்ட வயலின் சொந்தக்காரர் வாக்குமூலம் இங்கே தங்கம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புத்தக நகல்களை நெகிழிப் பையில் போட்டு எப்போதும் கையோடு வைத்திருங்கள். புறப்படும்போதே மந்தையின் எண்ணிக்கையைச் சொந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசிப் பதிவோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால், ‘இவ்வளவு ஆடு உன்னிடம் இருந்ததா?’ என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

இப்போதே செய்து வைக்க வேண்டியது

காது வில்லையை மாட்டுக்கு வலிக்கும் என்று சிலர் மறுக்கிறார்கள். அந்த 12 இலக்க எண்தான் மாடு உங்களுடையது என்பதற்கு இருக்கிற ஒரே அரசுப் பதிவு. கோமாரித் தடுப்பூசி போட வரும்போதே வில்லையும் போட்டு, உங்கள் பேரில் ஏற்றிவிடுவார்கள். காப்பீட்டுக்கும் அதே வில்லைதான்.

தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் 2024-ல் விதி மாறியது. பிரீமியத்தில் வளர்ப்பவர் கட்ட வேண்டியது 15 சதவீதம், மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. நோய்ச் சாவுக்கும் இதில் வழியுண்டு என்பதால், துள்ளுமாரிச் சண்டையே வராது. ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கீடு வந்தவுடன் இடம் நிரம்பிவிடும், ஆகவே மருந்தகத்தில் பேர் கொடுத்து வையுங்கள். காப்பீடு செய்த மாடு செத்தால், மேலே சொன்ன எல்லாரோடும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்ல வேண்டும். வில்லையோடு காதைப் படம் எடுத்து, வில்லையைப் பத்திரப்படுத்த வேண்டும். வில்லை இல்லையென்றால் காப்பீட்டுப் பணமும் இல்லை.

வறட்சியில் செத்தபின் பணம் கேட்பதைவிட, சாகாமல் காக்கத் தீவனம் கேட்பதே சரி. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது, உலர்தீவனக் கிடங்கு திறந்து மானிய விலையில் வைக்கோல் கொடுத்தார்கள். அறிவிப்பு வந்தால் மருந்தகத்தில் மாட்டின் எண்ணிக்கையைப் பதிந்து அட்டை வாங்குங்கள்.

பணம் வரவில்லை என்றால்

முதலில் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆர்.ஐ. அறிக்கையிலோ கணக்கு எண் பிழையிலோ நிற்கும், அதை அங்கேயே சரிசெய்துவிடலாம். தாலுகாவில் நகரவில்லை என்றால் கோட்டாட்சியர். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என நான்கு கோட்டங்கள். அதற்கும் மேலே திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுவுக்கு எண் கொடுப்பார்கள், பதில் எழுத்தில் வரும். மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் சம்பந்தப்பட்ட அதிகாரி அங்கேயே இருப்பார். என் அனுபவத்தில் தனியாள் மனுவைவிட, ஒரே மழையில் இழந்த நாலைந்து பேர் சேர்ந்து போவது வேலையைச் சீக்கிரம் நகர்த்தும்.

தள்ளுபடி என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘எனது இன்ன தேதியிட்ட மனுமீது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. அளித்த அறிக்கைகளின் நகல் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் போதும். ஏன் தரவில்லை என்று கேள்வியாகக் கேட்டால் நழுவ இடமுண்டு, நகல் கேட்டால் நகல்தான் தர வேண்டும். அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு, அதற்குத் தகுந்த சான்றோடு கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.